முகம் வெளுத்த தத்துவ ஆசிரியர்

கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அயோனியன் கடலில் இரவு முழுக்கப் புயல். இத்தாலியின் புருந்திசியம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில், ஏதென்ஸில் பாடம் நடத்தும் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். ஸ்டோயிக் என்பது, உணர்ச்சிகளை அறிவால் ஆளப் பழக்கும் பழைய கிரேக்கத் தத்துவ மரபு. உடன் பயணித்த ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ், இவர் எப்படித் தாங்குகிறார் என்று தேடிப் பார்த்தார். மற்றவர்களைப் போல அவர் அழவில்லை, அலறவில்லை. முகம் மட்டும் அவர்களைப் போலவே வெளுத்திருந்தது.

புயல் ஓய்ந்தபின் கெல்லியஸ் காரணம் கேட்டார். ஆசிரியர் பையிலிருந்து, அதே மரபின் ஆசான் எபிக்டெட்டஸின் போதனைச் சுவடியை எடுத்துக் கொடுத்தார். திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் ஞானிக்கும் ஒரு கணம் மனம் ஒடுங்கும், முகம் வெளுக்கும் என்றது அது. அறிவு விழிப்பதற்குள் உடல் முந்திக்கொள்கிறது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ‘ஆமாம், இது கேடுதான்’ என்று மனம் ஒப்புக்கொள்கிறதா என்பதில்தான் பொறுப்பு தொடங்குகிறது. ஸ்டோயிக் என்றாலே மரக்கட்டை என்று நினைப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இந்த மரபைத் தொடங்கிய ஜீனோ இதைக் கையாலேயே காட்டுவாராம். விரித்த உள்ளங்கை, நம்மிடம் வந்து விழும் தோற்றம், அதாவது ஒரு விஷயம் மனதில் முதலில் படும் விதம். விரல்கள் சற்றே மடங்கினால், ஒப்புதல். மடங்குவதற்கு முன் நிறுத்துவதுதான் பயிற்சி.

நிறுத்தி என்ன செய்வது? ‘கொஞ்சம் பொறு, நீ யாரென்று பார்க்கிறேன்’ என்று அந்தத் தோற்றத்திடமே சொல்லச் சொல்கிறார் எபிக்டெட்டஸ். பிறகு வந்த செய்தியையும் நாம் சேர்த்ததையும் பிரிக்க வேண்டும். ‘நாளைக்கு வந்து பாருங்க’ என்று மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது, வயிற்றைக் கலக்குகிறது. செய்தி அவ்வளவுதான். ‘வேலை போச்சு’ என்பது நம் கைச்சரக்கு. ஸ்டோயிக்கான ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸும் தன் குறிப்புகளில் இதையே எழுதிக்கொண்டார்: இன்னார் உன்னைத் தூற்றுவதாகத் தகவல் வந்தது, உனக்குத் தீங்கு நேர்ந்ததாக வரவில்லை. அடுத்த கேள்வி, இது என் கையில் இருக்கிறதா என்பது.

ஆபத்தைக் குறிக்கும் ஒலி, மூளையின் சிந்திக்கும் மேலடுக்கான புறணிக்குப் போகாமலே, புலன்செய்திகளை அனுப்பிவைக்கும் தலாமஸிலிருந்து நேராக, அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலாவை எட்டும் குறுக்குவழி எலிகளில் இருப்பதை நரம்பியலாளர் ஜோசப் லெடூ காட்டினார். உடல் முந்தும் என்ற பழைய கவனிப்போடு இது ஒத்துப்போகிறது. அதற்காக ஸ்டோயிக்குகளுக்கு அன்றே நரம்பியல் தெரியும் என்று பெருமை பேச வேண்டாம். மனம் இதயத்தில் இருப்பதாகத்தான் அவர்கள் நம்பினார்கள். அவர்களின் நடைமுறைதான் நிலைத்தது. 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் உளச்சிகிச்சை முறையை உருவாக்கியபோது எபிக்டெட்டஸுக்குப் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னார்.

ஒப்புதல் கொடுத்தபின் கோபத்தை நிறுத்துவது, பாறை உச்சியிலிருந்து குதித்தவன் பாதியில் நிற்க முயல்வதைப் போன்றது என்கிறார் ரோமானிய ஸ்டோயிக் செனெக்கா. ஆகவே பெரிய அடி விழும் நாளில் முதன்முதலாக முயன்றால் பலிக்காது. எபிக்டெட்டஸ் சின்ன இழப்புகளில் தொடங்கச் சொல்கிறார்: எண்ணெய் கொட்டிவிட்டது, கொஞ்சம் ஒயின் திருடுபோய்விட்டது.