மான்கொம்புப் பவளத்தின் வெள்ளை நுனி

கரீபியன் கடலில் எடுத்த மான்கொம்புப் பவளப் படம் ஒன்றை அனுப்பி, "கிளை நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கிறதே, சூடு தாங்காமல் வெளுத்துவிட்டதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை. படத்தில் இருப்பது ஆரோக்கியமான பவளம். வேகமாக வளரும் கிளையின் நுனி வெளிறித்தான் இருக்கும்.

பவளம் என்பது பாலிப் எனப்படும் சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலில் உணவு தயாரிக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் அவை தந்தது. பாலிப்கள் தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அக்ரோபோரா செர்விகார்னிஸ் என்ற இந்த இனம் ஃபுளோரிடா, பஹாமாஸ், கரீபியன் பகுதிகளில், வெயில் நன்றாக இறங்கும் தெளிந்த நீரில், பெரும்பாலும் 5 முதல் 20 மீட்டர் ஆழத்தில் வளர்வது.

சரி, நுனிக்கு வருவோம். கிளையின் பக்கமெங்கும் பாலிப்கள் குடியிருக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஒட்டியிருக்கும். உச்சியில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழாய், அதற்குள் ஒரே ஒரு பாலிப். கிளையை நீட்டுவது அதுதான். ஆச்சரியம் என்னவென்றால், அதனிடம் பாசி மிகக் குறைவு. நுனி வெளிறியிருப்பது அதனால்தான். அப்படியானால் இவ்வளவு வேலைக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? 1971இல் விக்கி பியர்ஸ், லியோனார்ட் மஸ்கட்டைன் என்ற ஆய்வாளர்கள் கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துச் சத்து போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கிளையின் கீழ்ப்பகுதிப் பாசிகள் தயாரித்த சத்து நுனியை நோக்கி நகர்ந்தது. கீழே இருப்பவை சம்பாதிக்க, உச்சியில் இருப்பது கட்டுகிறது.

கட்டும் விதம் இன்னும் அழகு. 1980களில் எலிசபெத் கிளாட்ஃபெல்டர் என்ற ஆய்வாளர் நுனியில் இரவில் சேரும் படிகங்களையும் பகலில் சேரும் படிகங்களையும் ஒப்பிட்டார். இரவில் நுனியில் குட்டிப் படிகங்கள் ஒழுங்கில்லாமல் சேர்கின்றன. பகலில் அவற்றின்மேல் ஊசி போன்ற அரகோனைட் (சுண்ணாம்பின் ஒரு வடிவம்) படிகங்கள் முளைத்து இடைவெளியை நிரப்புகின்றன. இரவில் கம்பி கட்டிப் பகலில் கான்கிரீட் போடுகிற மாதிரி. இப்படியே வருடத்துக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் நீள்கிறது. பவளத்துக்கு இது பெரிய வேகம். பக்கத்துப் பாலிப் ஒன்று நுனிப் பாலிப்பாக மாறினால் அங்கே புதுக் கிளை.

இந்த ஆய்வுகளால் உடனே யாருக்கும் லாபம் வந்திருக்காது. ஆனாலும் இதைப் போன்ற ஆராய்ச்சிக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஆரோக்கியமான வெள்ளை எது என்று தெரியாமல் நோயை எப்படி அடையாளம் காண்பது?

வெண்பட்டை நோய் வந்தால் வெள்ளை பெரும்பாலும் அடியிலிருந்து மேலேறும். அதற்குப் பின்னால் திசு உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரியும். 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்த நோய்தான் கரீபியனில் இந்த இனத்தைப் பெருமளவு அழித்தது. வெப்ப வெளுப்பு என்றால் கிளை முழுவதும் நிறம் போகும். திசு மட்டும் கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும். 2023இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய கடல் வெப்ப அலையில் நடந்தது அது. அங்கே மிஞ்சியிருந்த மான்கொம்புப் பவளங்களில் பெரும்பகுதி செத்துப்போயிற்று. வெப்பம் உச்சத்துக்குப் போகும் முன்பே சில துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துக் கரைத் தொட்டிகளுக்கு மாற்றியிருந்தார்கள். மறுபடி நடுவதற்கு அவற்றையும் நம்பியிருக்கிறார்கள்.