மடியில் ஏறிய பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அப்படி நடுங்குகிறவர்களைத்தான் ஆல்பர்ட் பாண்டுரா தேடிப் பிடித்தார். 1960களின் இறுதி; அவர் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். வந்தவர்கள் தோட்ட வேலைக்கே அஞ்சினார்கள். மலையேற்றம் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள்.

சிலருக்கு, பிறர் பாம்பைக் கையாளும் படம் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு, உடலைத் தளர்த்திக்கொண்டு பாம்பை மனக்கண்ணில் கொண்டுவரும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்குத்தான் நிஜப் பாம்பு. பயிற்சியாளர் அதைத் தூக்குவதை முதலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும். பிறகு அறைக்குள் போக வேண்டும். அவர் தலையையும் வாலையும் பிடித்துக்கொள்ள, கையுறை போட்டுக்கொண்டு நடு உடலை மட்டும் தொட வேண்டும். அது பழகியதும் வெறுங்கை. இறுதித் தேர்வு இதுதான்: கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு உட்கார வேண்டும், பாம்பு மடியில் ஊர வேண்டும். மற்ற இரு குழுக்களும் ஓரளவு முன்னேறின. தொட்டுப் பழகியவர்களோ, சில மணி நேரப் பயிற்சியிலேயே, ஏறக்குறைய எல்லோரும் தேறிவிட்டார்கள்.

1977இல் பாண்டுரா இதைக் கோட்பாடாக்கினார். ‘இந்த வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள்: தானே செய்து வென்றது, தன்னைப் போன்றவர் வென்றதைக் கண்டது, பிறர் சொன்ன தெம்பு, படபடப்பு போல உடல் தரும் சமிக்ஞை. முதலாவதே வலுவானது. வெறும் சொல் தரும் தெம்பு, முதல் தோல்வியிலேயே கரைந்துவிடும். ‘உன்னால் முடியும்’ என்று சுவரொட்டி ஒட்டும் பயிற்சி வகுப்புகள் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

வென்றால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1975இல் வெளியான இன்னொரு சோதனையில், பயிற்சி முடிந்ததும் சிலரைப் பாம்போடு தனியே விட்டார்கள். உதவிக்கு ஆள் இல்லை. முன்பின் பார்த்திராத வேறு பாம்பின் முன்னாலும் அவர்களுக்கே துணிச்சல் கூடுதலாக இருந்தது. பக்கத்தில் ஆள் நின்றால், மனம் வெற்றியை அந்த ஆளின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது புரியும். என் முதுகில் கட்டியிருந்த சுரைக்குடுக்கையின் கயிற்றை மாமா நாளுக்கு நாள் தளர்த்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் மறுகரைப் படியைப் பிடித்தபின் திரும்பிப் பார்த்தால், குடுக்கை அவர் கையில் இருந்தது. அதற்கு முன் எத்தனை முறை அதே கிணற்றைக் கடந்திருந்தாலும், நீந்தத் தெரியும் என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

மூளையும் இப்படிக் கணக்குப் பார்க்கிறது. 1967இல் செலிக்மன், மையர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களுக்கு மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் பலகையை அழுத்தி அதை நிறுத்த முடிந்த நாய்கள் பின்னர் வேறு கூண்டிலும் தப்பிக்க முயன்றன. என்ன செய்தும் நிறுத்த முடியாதவற்றில் பல, தாண்டக்கூடிய தடுப்பிருந்தும் படுத்தே கிடந்தன. அவை ‘இயலாமையைக் கற்றுக்கொண்டன’ என்று அப்போது சொன்னார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். அறிவியலில் எனக்குப் பிடித்த காட்சிகளில் ஒன்று இது. நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது கற்றது அல்ல, மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றாக வேண்டியது கட்டுப்பாட்டைத்தான். ‘நான் செய்ததால் இது நின்றது’ என்பதை முன்மூளையின் ஒரு பகுதி கண்டறிந்தால், ஒடுங்கவைக்கும் மூளைத்தண்டுச் செல்களை அடக்குகிறது.

ஊக்கத்திலும் இதே வரவு வைக்கும் சிக்கல் உண்டு. 1973இல் வெளியான ஆய்வு ஒன்றில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். சில நாள் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, பரிசு பெறாதவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

பாண்டுராவிடம் வந்தவர்களுக்கு யாரும் பரிசு தரவில்லை. பலருக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த பாம்புக் கனவுகள் மாறத் தொடங்கின. ஒரு பெண்ணின் கனவில் மலைப்பாம்பு ஒன்று வந்து சிநேகமாகி, அவருக்குப் பாத்திரம் கழுவ உதவி செய்ததாம்.