திரை உள்ளேயா, வெளியேயா?

மேற்கு பார்த்த பால்கனி உள்ள வீட்டுக்கு வாடகைக்குப் போன முதல் மே மாதம், கெட்டியான கருநீலத் திரை ஒன்றை வாங்கி பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு உட்பக்கம் மாட்டினேன். அறை இருட்டானது. புழுக்கம் குறையவில்லை. சாயங்காலம் திரையைத் தொட்டால், இஸ்திரி போட்டுக் கையோடு எடுத்த சட்டை மாதிரி சுட்டது.

காரணம் கண்ணாடி. வெயிலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதியில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி இரண்டையுமே பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அதை வாங்கிக்கொண்டு திரை சூடேறுகிறது. சூடான திரையும் கதிர் வீசும், ஆனால் அது நீண்ட அலைநீளக் கதிர். அதைக் கண்ணாடி வெளியே விடாது. வெயில் ஒரு பாஸ் வாங்கி உள்ளே வந்தது, திரும்பிப் போகும்போது அந்தப் பாஸ் செல்லவில்லை! வெள்ளைத் திரையாக இருந்தால் வந்த ஒளியில் ஒரு பங்கையாவது ஒளியாகவே திருப்பி அனுப்பியிருக்கும். கருநீலம் வாங்கியது என் தப்பு.

அதே திரையைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால்? அதுவும் சூடேறும். ஆனால் அந்தச் சூட்டைத் தெருக்காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் துணியின் தடிமனை யோசிப்பதற்கு முன்னால், அதை எந்தப் பக்கம் மாட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் திசை. சென்னை இருப்பது வடக்கு அட்சரேகை 13 டிகிரியில். ஏப்ரல் கடைசி வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை, நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். வடக்கு பார்த்த பால்கனிக்கு வெயிலே வராது என்று நம்பி வீடு வாங்கியவர்கள் ஜூன் மாதம் ஏமாறுவது இதனால்தான். தெற்குப் பால்கனியில் வெயில் விழுவது மார்கழி, தை மாதங்களில். அப்போது யாரும் குறை சொல்வதில்லை.

மேற்குதான் வில்லன். மே நடுவில், கட்டடத்தோடு வரும் இரண்டடி சன்ஷேடு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதியம் 1 மணிக்கு அதன் நிழல் மேற்குச் சுவரில் எட்டடிக்கு மேல் இறங்கும், கதவு முழுக்க மூடிவிடும். 4 மணிக்குச் சூரியன் 33 டிகிரி உயரத்துக்கு இறங்கியிருக்கும். நிழல் ஒன்றரை அடிகூட வராது. சன்ஷேடை இன்னும் இரண்டடி நீட்டினாலும் பெரிய பலன் இல்லை. செங்குத்தாகத் தொங்கும் மறைப்புதான் வேண்டும்.

அது எதனால் ஆனதாக இருக்கலாம்? மறைப்பும் ஒரு சூடான பொருள்தான். தகர ஷெட்டுக்குக் கீழே நின்றவருக்கும் கீற்றுப் பந்தலுக்குக் கீழே நின்றவருக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டிலும் நிழல் உண்டு. ஆனால் தகரம் மேலே வாங்கிய சூட்டை அப்படியே கீழே இறக்கும். கீற்றில் அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்கிறது, இடுக்கு வழியே காற்று போகவும் செய்கிறது. மூங்கில் தட்டி இந்தக் குடும்பம். தார்ப்பாய் வெயிலோடு காற்றையும் சேர்த்து மறித்துவிடும், எனக்குப் பிடிக்காது. எதை மாட்டினாலும் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேல்பக்கம் திறந்திருக்கும்படி மாட்டினால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும்.

ஷேட் நெட்டில் 50, 75, 90 என்று போட்டிருப்பது எத்தனை சதவீதம் ஒளியை மறைக்கிறது என்பது. செடி வைத்திருப்பவர்களுக்கு 50 போதும், மேற்கு வெயிலுக்கு 75க்குக் குறையாமல் வாங்கலாம். நிறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளை வலை வெயிலைச் சிதறடித்துத் தானே பளபளப்பதால் அதன் வழியே தெருவைப் பார்க்க முடியாது. கறுப்பு வலை கண்ணுக்கு மறைந்துபோகும். ஜன்னல் கொசுவலையில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் பழக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 40 நிமிடம் ஓடுவதற்குச் சமம். ஆனால் காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். அக்னி நட்சத்திரத்தில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும் மதியம் தட்டி ஜில்லென்று வேலை செய்யும். கடல்காற்று உள்ளே வந்ததும் ஈரப்பதம் ஏறி, அது வெறும் வாசனைத் தட்டியாகிவிடும். சரி, அப்போது கடல்காற்றே போதுமே.

கடைசியாகக் காற்றின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 25 கிலோமீட்டரில் அடிக்கும் காற்று இடுக்கில்லாத திரையை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 100 கிலோமீட்டரில் அது 16 மடங்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது அந்த வேகத்தையும் தாண்டிக் காற்று அடித்தது. வலையில் ஓட்டை இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும், தார்ப்பாய் கம்பியோடு பிய்த்துக்கொண்டு போகும். சுருட்டி வைக்க முடியாத எதையும் ஐப்பசிக்கு மேல் மாட்டி வைக்காதீர்கள். கொக்கிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று சாதா இரும்பைச் சீக்கிரமே தின்றுவிடும். கட்டிய பிளாஸ்டிக் கயிற்றையும் அவ்வப்போது நகத்தால் சுரண்டிப் பாருங்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது மாவாக உதிர ஆரம்பித்திருந்தால், அடுத்த காற்றுக்குள் மாற்றிவிடுங்கள்.