பைபோலார் மருந்து பிள்ளையின் உடம்பில் என்ன செய்கிறது?

மனம் ஒரு காலம் மட்டுமீறிப் பொங்கும் வெறி நிலைக்கும், இன்னொரு காலம் மனச்சோர்வுக்கும் போய்வருவது பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு. அதற்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் வீட்டாருக்குச் சோதனையான காலம். மனநிலை சீராகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். பக்க விளைவோ அதற்கு முன்பே வந்து நிற்கும். "இந்த மாத்திரைதான் பிள்ளையைக் கெடுக்குது" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஒரு நாள் யாரையும் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அது ஆபத்தான முடிவு. இந்நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதைவிடத் திடீரென நிறுத்தும்போது நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். மருந்து உடம்பில் எங்கே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால், எதை வீட்டில் சமாளிக்கலாம், எதற்கு மருத்துவரைக் கூப்பிட வேண்டும், எதற்கு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது பிடிபடும். நிறுத்தும் எண்ணமும் தள்ளிப்போகும்.

லித்தியத்தில் தொடங்குவோம். பழைய மருந்து, நல்ல மருந்து, கவனமாகக் கையாள வேண்டிய மருந்து. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949-இல் இதன் பலனை வெளியிட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்போது 7 வயது முதல் இதை அனுமதிக்கிறது. தனிம அட்டவணையில் லித்தியம், சோடியம் இருக்கும் அதே நெடுவரிசையில் அதற்கு நேர் மேலே இருக்கிறது. சிறுநீரகத்துக்கு இந்த இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரத்தத்தை வடிகட்டியபின் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும் குழாய்கள் லித்தியத்தையும் சேர்த்தே உறிஞ்சுகின்றன. உடம்பில் உப்போ நீரோ குறைந்தால், "சோடியத்தை விடாதே" என்று சிறுநீரகம் இறுக்கிப் பிடிக்கும்; கூடவே லித்தியமும் தங்கிவிடும். மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் மருந்து ஏறுவது இப்படித்தான்.

ஏறுவதற்கு இடமும் அதிகமில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருத்துவர் குறிவைக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல், நோய் உச்சத்தில் இருக்கும்போது 1.2 வரை போகலாம். 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை. சிலருக்கு அதற்குக் கீழேயே அறிகுறி தோன்றும். பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் இரத்தப் பரிசோதனையை விட்டுக்கொடுக்கவே முடியாது.

அந்தப் பரிசோதனையில் வீட்டார் செய்யக்கூடிய ஒரு தவறு பெரிய குழப்பத்தில் முடியும். இரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து. ராத்திரி 8.30-க்கு மாத்திரை என்றால் காலை 8.30-க்கு இரத்தம். காலையிலும் மாத்திரை உண்டு என்றால், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். கோலாலம்பூர் காலை நெரிசலில் கிளம்பும் அவசரத்தில் பழக்கதோஷத்தில் மாத்திரையைக் கொடுத்துவிட்டால், எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருத்துவர் அளவைக் குறைப்பார். சில வாரத்தில் நோய் தலைகாட்டும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயங்காமல் தாதியிடம் சொல்லி வேறு நாள் கேளுங்கள். வரிசையில் நின்று நேரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, இரத்தம் எத்தனை மணிக்கு என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். மருந்து தொடங்கியோ அளவை மாற்றியோ 5 முதல் 7 நாள் ஆன பிறகே அளவு ஒரு நிலைக்கு வரும். அதற்குமுன் எடுத்தால் முழுப் படம் தெரியாது. அளவு நிலைத்த பின் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

தைராய்டு ஏன்? லித்தியம் அந்தச் சுரப்பியிலிருந்து ஹார்மோன் வெளிவருவதைத் தடுக்கும். பிள்ளை சோர்ந்து போகும், மலச்சிக்கல் வரும், எடை கூடும், பாடத்தில் மனம் நிற்காது. பார்ப்பதற்கு மனச்சோர்வு திரும்பியது போலவே இருக்கும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். தைராய்டு மாத்திரை சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லித்தியத்தை விடவேண்டி வராது.

இனி தாகம். சிறுநீரை அடர்த்தியாக்கும்படி மூளை அனுப்பும் ஹார்மோனுக்குச் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்கள் பணிய வேண்டும். லித்தியம் அந்தச் செல்களுக்குள் புகுந்து, நீரைத் திரும்ப உள்ளிழுக்கும் வாசல்களைக் குறைத்துவிடுகிறது. அதனால் சிறுநீர் நீர்த்துப் போய் நிறைய வெளியேறும். தாகம் எடுக்கும், குடிக்கும், மறுபடி கழிவறை. இதை "உடம்புச் சூடு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். பார்லித் தண்ணீர் கொடுப்பதில் கெடுதல் இல்லை, சீனி போடாமல் இருந்தால். ஆனால் சிறுநீர் நன்றாகப் போகட்டும் என்று நெருஞ்சில் கஷாயம் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம். சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் லித்தியத்தை ஏற்றிவிடக்கூடும்.

ஐந்தாறு வயதில் நின்றுபோன பழக்கம் பதினோரு வயதில் திரும்பி, பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டுக் கூனிக் குறுகி நிற்கும். உடனே பெற்றோர் செய்வது, மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீரை நிறுத்துவது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியேறும் நீருக்கு ஈடு கிடைக்காமல் உடம்பு வறண்டு, லித்தியம் ஏறும். தாகத்துக்குத் தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். தூங்கப் போகுமுன் ஒருமுறை, பெற்றோர் படுக்கும்போது எழுப்பி ஒருமுறை கழிவறை. மெத்தைக்கு நீர் புகாத உறை. இதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, ஒரே வேளையாக ராத்திரிக்கு மாற்றுவதா என்று அவர் பார்ப்பார். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் ஒரு மருத்துவக் கடிதம் கொடுத்துவைத்தால், மேசைமேல் தண்ணீர்ப் போத்தலும் கேட்டவுடன் கழிவறை அனுமதியும் கிடைக்கும். நோயின் பெயரை அதில் எழுத வேண்டிய கட்டாயமில்லை.

தாகத்துக்கு எதைக் குடிக்கிறது என்பதும் முக்கியம். மைலோ ஐஸ், சிராப் பண்டோங், தே தாரிக் என்று போனால் எடை ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வெறும் தண்ணீர்தான் நல்லது. தே, கோப்பியில் உள்ள கஃபீன் லித்தியத்தை அதிகமாக வெளியேற்றும். தினமும் குடித்துப் பழகிய பதின்ம வயதுப் பிள்ளை சட்டென்று நிறுத்தினால் அளவு ஏறலாம். கொஞ்சங்கொஞ்சமாகக் குறையுங்கள்.

உப்பைப் பொறுத்தவரை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நேற்றைப் போலவே இன்றும் இருக்கட்டும். நம் வீடுகளில் இது தடுமாறும் காலம் தைப்பூசம். உப்பில்லா விரதம் இருக்கும் குடும்பத்தில் லித்தியம் சாப்பிடும் பிள்ளையும் சேர்ந்துகொண்டால், சில நாளில் மருந்தின் அளவு ஏறும். அந்தப் பிள்ளை சைவம் சாப்பிடலாம், பால்குடம் எடுக்கலாம், பத்துமலையின் 272 படியும் ஏறலாம், பினாங்கின் தண்ணீர்மலைக்கும் நடக்கலாம். உப்பை விடுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் மட்டும் கூடாது. வியர்வையில் லித்தியமும் ஓரளவு வெளியேறும் என்பதால் விளையாட்டைத் தடுக்கத் தேவையில்லை. மதிய வெயிலில் போத்தல் இல்லாமல் நிறுத்தி வைப்பதுதான் தப்பு.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இவைதான் உண்மையான அபாய நேரம். இரண்டு மூன்று தடவைக்குமேல் வாந்தியோ பேதியோ போனால், அடுத்த மாத்திரையைக் கொடுக்குமுன் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. கடையில் விற்கும் ஐசோடோனிக் பானத்தில் சோடியம் அதைவிட மிகக் குறைவு, சீனி அதிகம். அதை மருந்தென்று நம்பாதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆனால் 1 கிராமைத் தாண்டாமல். 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 வேளைக்குமேல் இல்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மாதவிடாய் வலிக்குப் பெண்பிள்ளைகள் கேட்டு வாங்கும் பொன்ஸ்தான் எனும் மெஃபெனாமிக் அமிலம் ஆகியவை சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து லித்தியத்தைத் தேக்கிவிடும். டிங்கி பரவும் நம் ஊரில் இவற்றைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது: டிங்கியில் இவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும், ஃபார்மசியில் எதை வாங்கினாலும், முதல் வார்த்தையாக "பிள்ளை லித்தியம் சாப்பிடுது" என்று சொல்லுங்கள்.

கை இலேசாக நடுங்குவது சாதாரணம். டம்ளரைப் பிடிக்கும்போது விரல் நுனி மெல்ல ஆடும்; எழுத்து கொஞ்சம் கோணும். நடுக்கம் பெரிதாகி டம்ளரே தளும்பினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், தூங்கித் தூங்கி விழுந்தால், கூடவே வாந்தியோ பேதியோ இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். மருந்துப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இத்தகைய நேரத்தில் மருத்துவர்களுக்கும் வழிகாட்டுகிறது.

லித்தியத்துக்கு அடுத்து, பிள்ளைகளுக்கு அதிகம் எழுதப்படுபவை ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஒலன்சாபின், அரிபிப்ரசோல். இவற்றின் தொல்லை பசி. மூளையில் "வயிறு நிறைந்தது" என்று சொல்லும் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகளை இவை அடைத்துவிடுகின்றன. பிள்ளை சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி என்று வருவது பேராசையால் அல்ல. போதும் என்ற சேதி அதற்குப் போய்ச் சேரவில்லை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதன்முதலாக இந்த மருந்துகளைத் தொடங்கிய பிள்ளைகளின் எடை ஏறத்தாழ 11 வாரத்தில் ஒலன்சாபினால் சராசரி 8.5 கிலோ, குவெட்டியாபினால் 6.1, ரிஸ்பெரிடோனால் 5.3, அரிபிப்ரசோலால் 4.4 கிலோ கூடியது. மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையேதான் அதிகம். நம் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் கூடுதல் எச்சரிக்கை.

ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். 3 மாதத்தில் மறுபடி. வீட்டில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பாருங்கள். 40 கிலோ பிள்ளைக்கு 3 மாதத்தில் 2 கிலோவுக்குமேல் கூடினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். கழுத்து மடிப்பில் வெல்வெட் போல ஒரு கருமை படிகிறதா என்றும் பாருங்கள். அழுக்கென்று தேய்த்தால் போகாது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியவில்லை என்பதற்கான அடையாளம் அது. தட்டில் முதலில் காய்கறியும் பருப்பும் முட்டையும், அப்புறம் சோறு. கடையில் பானத்துக்கு "கூராங் மானிஸ்" (சீனி குறைவாக) என்று சொல்லுங்கள், வீட்டார் எல்லாருக்கும் சேர்த்து. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டால் திருட்டுத்தனமாகச் சாப்பிடும். இவற்றால் அடங்காவிட்டால் மருந்தை மாற்றுவது, நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மினைச் சேர்ப்பது போன்ற வழிகள் மருத்துவரிடம் உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

இதே மருந்துகளில் ஏமாற்றக்கூடிய ஒரு விளைவு அகதீசியா எனும் உள் பரபரப்பு. பிள்ளை சாப்பாட்டு மேசையில் உட்காரும், எழும், கூடத்தில் நாலு நடை நடக்கும், திரும்ப உட்கார்ந்து காலை ஆட்டும். "அம்மா, காலுக்குள்ள என்னமோ பண்ணுதும்மா, நிக்கவே முடியல" என்று சொல்லும். வெறி நிலை திரும்பிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். வித்தியாசம் இதுதான்: வெறி நிலையில் பிள்ளைக்கு உற்சாகமோ கோபமோ பொங்கும், தூக்கமே தேவைப்படாது; அகதீசியாவில் அது தவிக்கும், உட்காரத்தான் ஆசைப்படும், முடியாது. மருந்து தொடங்கியோ கூட்டியோ எத்தனை நாள் ஆயிற்று என்று குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி நின்றால் அது வேறு, தசை இறுக்கம். பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் அவசரப் பிரிவில் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் இளகிவிடும்.

ரிஸ்பெரிடோன், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனையும் உயர்த்தும். மாதவிடாய் நின்றாலோ, ஆண்பிள்ளைக்கு மார்பு வீங்கினாலோ, பால் கசிந்தாலோ பிள்ளை வெட்கத்தில் சொல்லாது; நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், கார்பமாசெபின், லமோட்ரிஜின் ஆகியவையும் மனநிலையைச் சீராக்க எழுதப்படுவதுண்டு. இவற்றில் வால்ப்ரோயேட் கல்லீரலையும் இரத்தத் தட்டணுக்களையும் பாதிக்கலாம், முடி உதிரலாம். கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் குறைகளை உண்டாக்கும் என்பதால் பருவமடைந்த பெண்பிள்ளைக்கு அதை எழுதினால், வேறு மருந்து இல்லையா என்று கட்டாயம் கேளுங்கள். கார்பமாசெபின் என்றால், முதல் மாத்திரைக்கு முன் எச்எல்ஏ-பி 1502 மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அந்த மரபணு உள்ளவருக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமை வரும் அபாயம் அதிகம். மலாய்க்காரர், சீனரிடம் அதிகமாகவும் இந்தியரிடம் குறைவாகவும் அது காணப்படுகிறது.

லமோட்ரிஜினிலும் அதே தோல் அபாயம் உண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம். வேகமாக அளவை ஏற்றினால் அது இன்னும் கூடுகிறது. வாரக்கணக்கில் மிக மெதுவாக ஏற்றுவது அதற்காகத்தான். வால்ப்ரோயேட் கூட இருந்தால் லமோட்ரிஜின் உடம்பிலிருந்து வெளியேறுவது பாதியாகக் குறையும். அப்போது இன்னும் மெதுவாக. முதல் 8 வாரத்தில் தடிப்பு எது வந்தாலும், கொசுக்கடி போலத் தெரிந்தாலும், அன்றே காட்டுங்கள். வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் சேர்ந்தால் நேராக மருத்துவமனை. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து 5 நாளுக்குமேல் விட்டுப்போனால், பழைய அளவை அப்படியே தொடரக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.