மறதிக்கு மருந்து கேட்டு வரும் அம்மாக்கள்

"டொக்டர், இவனுக்குப் படிச்சது ஒண்டும் மண்டையில நிக்குதில்லை. ஞாபகசக்திக்கு ஏதும் குளிசை இருந்தா எழுதித் தாங்கோ."

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் இதைக் கேட்காத கிழமை இல்லை. அன்று வந்தவன் மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பிள்ளை, கணிதப் பிரிவு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தலையிடி, மறதி, வகுப்பில் தூங்கி விழுதல். "பஞ்சி பிடிச்சவன்" என்று பள்ளிக்கூடத்தில் பேர் எடுத்துவிட்டான். கண் பார்வை சரி, இரத்தத்திலும் குறை இல்லை. "நேற்று விடிஞ்சதில இருந்து படுக்கும் வரைக்கும் என்ன செய்தனி எண்டு நேரத்தோட சொல்லு தம்பி" என்றேன்.

4 மணிக்கு அலாரம். 5.30க்கு ரியூசன். 7.30க்குப் பள்ளிக்கூடம், 1.30க்கு விடும். 2.30க்கு மறுபடி ரியூசன், 6 மணி வரை. சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வர 7 மணி. குளித்துச் சாப்பிட்டு, 11 வரை படிப்பு. அதன் பிறகு சேர் வாட்ஸ்அப்பில் போட்ட நோட்ஸைப் பார்த்து எழுதுதல். வகுப்பு வீடியோக்களை இறக்க 12 மணி வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் போட்டிருக்கும் டேட்டாவில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை செய்யும். படுக்கும்போது 12.30.

அம்மா விரல் மடித்து எண்ணினார். மூன்றரை மணித்தியாலம்.

13 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. உடம்பும் மூளையும் வளர்கிற வயதுக்கு அது ஆடம்பரம் இல்லை. இவனுக்குக் கிடைப்பது அதில் பாதியும் இல்லை.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "நாங்களும் விடிய நாலு மணிக்கு எழும்பித்தானே டொக்டர் படிச்சனாங்கள். அதுவும் குப்பி விளக்கில."

"இரவு எத்தனை மணிக்கு அம்மா படுத்தனீங்கள்?"

"எட்டு, எட்டரைக்கு. ஆர் மண்ணெண்ணெய்க்குக் காசு வைச்சிருந்தது?"

இந்தப் பதிலை எத்தனையோ பெற்றோரிடம் கேட்டுவிட்டேன். 1990க்குப் பிறகு வன்னியில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் குதிரை விலை. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த தலைமுறை அது. ஷெல் அடியும் பதுங்குகுழியும் நித்திரையைப் பறித்த இரவுகள் வேறு. ஆனால் அமைதியாக இருந்த நாட்களில் விளக்கை அணைத்தால் படிப்பும் முடிந்தது. எட்டரைக்குப் படுத்து நாலுக்கு எழும்பியவருக்கு ஏழரை மணித்தியாலம் கிடைத்தது. "விடியப்புறம் படிச்சால் மண்டையில ஏறும்" என்ற சொல் அந்த ஏழரை மணித்தியாலத்தின் மேல் நின்றது. நாம் நாலு மணி அலாரத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். எட்டரைப் படுக்கையைக் கொடுக்கவில்லை.

அந்தப் படுக்கையை அப்படியே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பிந்திப் போகிறது. நித்திரைக்கு ஆயத்தப்படுத்துகிற மெலற்றோனின் என்ற ஹோர்மோன் சிறுவயதில் சுரந்ததைவிட ஒன்று, இரண்டு மணித்தியாலம் பிந்திச் சுரக்கத் தொடங்கும். எட்டரைக்குப் படுக்கச் சொன்னால் நித்திரை வரவில்லை என்று புரள்வதும், விடியப்புறம் உலுப்பினாலும் எழும்பாமல் கிடப்பதும் குணக்கேடு இல்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், பதின்ம வயதினரின் பள்ளிக்கூடம் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022இல் அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. நாங்கள் 7.30 பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 5.30 வகுப்பு ஒன்றையும் வைத்திருக்கிறோம்.

மறதிக்கு வருவோம். பகலில் படிப்பது அறுவடை மாதிரி. நெல் களத்தில் குவிந்துவிடும், ஆனால் மூடை கட்டி வீட்டுக்குள் ஏற்றுகிற வேலை ஆழ்ந்த நித்திரையில்தான் நடக்கிறது. மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதியில் தற்காலிகமாகக் கிடக்கிற புதிய தகவல்கள் நிரந்தர நினைவாகப் பதிவது அப்போதுதான். விடியலை அண்டிய மணித்தியாலங்களில் கனவு நித்திரை கூடுதலாக வரும். நாலு மணி அலாரம் வெட்டுவது பெரும்பாலும் அதைத்தான். அந்தத் தம்பி படிக்காமல் இல்லை. களத்தில் நெல்லைக் குவித்து, குவித்து, மழையில் விட்டுக்கொண்டிருந்தான்.

நித்திரை வராமலிருக்கத் தேத்தண்ணி குடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னேரம் 6 மணிக்குக் குடித்ததிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். சோர்வு தீர்வதில்லை, தெரியாமல் மறைகிறது.

தேத்தண்ணி என்றதும் வேறொரு பிள்ளையின் நினைவு வருகிறது. சாதாரண தரம் படித்தவள். காலையில் கையிலிருந்து கோப்பை தெறித்து விழும். "கவனமில்லை" என்று வீட்டில் ஏச்சு. ஒரு மாதம் கண்முழித்துப் படித்த பிறகு, ஒரு விடியப்புறம் முழு வலிப்பே வந்தது. பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோய் இப்படித்தான் முகம் காட்டும்: எழும்பிய கையோடு தோளும் கையும் வெட்டி இழுக்கும், நித்திரை குறைந்தால் கூடும். மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். உங்கள் வீட்டில் காலையில் கோப்பை, சீப்பு, தூரிகை கை தவறி விழுந்துகொண்டே இருந்தால் ஏசாதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். இரவில் பலத்த குறட்டை விடும் பிள்ளையையும், போதியளவு நித்திரை கொண்டும் களைக்கிற பெண்பிள்ளையையும் காட்டுங்கள். பின்னதற்குக் காரணம் இரத்தச்சோகையாக இருக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிக் கதைக்கிற பிள்ளையாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் போனைக் குற்றம் சொல்லித் தப்ப எனக்கு மனம் இல்லை. வயலில் யானைக் காவலுக்கு அப்பாவோடு கொட்டிலில் படுக்கிற பெடியன்களைப் பார்க்கிறேன். வீட்டுத்திட்ட வீட்டின் ஒரே அறையில், 2009ஐக் கனவில் கண்டு நடுச்சாமத்தில் அலறி எழும்பும் தகப்பனுக்குப் பக்கத்தில் படுக்கிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். அந்த வீடுகளில் பிள்ளையின் நித்திரைக்கான மருத்துவம் தகப்பனிடமிருந்து தொடங்க வேண்டும். அவரையும் மனநலக் கிளினிக்குக்கு வரச் சொல்வேன். வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தம்பியோடு பேசி முடிவு செய்தவை அதிகமில்லை. போன் இரவு 9.30க்கு அம்மாவின் தலைமாட்டுக்குப் போக வேண்டும். வீடியோவை ஞாயிறு பகலில் பார்க்கலாம். பள்ளிக்கூடம் விட்டதும் சாப்பிட்டுவிட்டு 20 நிமிடம் கண்ணயரலாம், அதற்கு மேல் வேண்டாம், இரவு நித்திரை கெடும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. சனி, ஞாயிறும் எழும்பும் நேரம் பெரிதாக மாறக் கூடாது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு புதிதாக எதையும் தொடாமல் படுத்துவிட வேண்டும்.

மிஞ்சியது 5.30 வகுப்பு. அதை அவனால் மாற்ற முடியாது, என்னாலும் முடியாது. விடிய வகுப்பு வைக்கிற ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: உங்கள் முன்னால் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் நேற்றிரவு ஆறு மணித்தியாலமாவது படுத்தார்கள் என்று ஒருநாள் கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். அரை இருட்டில், மாடுகள் படுத்துக் கிடக்கிற வீதியில், லைற் இல்லாத சைக்கிளில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

"அப்ப குளிசை இல்லையோ?" என்றார் அம்மா. மருந்துத் துண்டில் 'இரவு 10 முதல் காலை 6 வரை நித்திரை' என்று எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். வெளியே போகும்போது மகனிடம் சொன்னது கேட்டது: "விடியக் கிளாஸ் சேரின்ர நம்பரைத் தா. நான் கதைக்கிறன்."