விரல் காய்க்கும், தசைநாண் காய்க்காது

பள்ளி விடுமுறை முடிந்தால் போதும், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் என் பிசியோதெரபி அறைக்கு வரத் தொடங்கிவிடுகிறார்கள். வயலின், வீணை, பியானோ எல்லாம் உண்டு. கூட வரும் பெற்றோர் கைபேசியை நீட்டி, ஐரோப்பிய இளம் இசைக்கலைஞர்களுக்கான யூரோவிஷன் யங் மியூசிஷியன்ஸ் போட்டியில் ஒரு பிள்ளை வாசிப்பதைக் காட்டுகிறார்கள். 1982இல் மான்செஸ்டரில் தொடங்கிய நல்ல போட்டி அது. 2018இல் மெனுஹின் வயலின் போட்டியின் இளையோர் பிரிவில் நம் சிங்கப்பூர்ப் பிள்ளை குளோயி சுவா 11 வயதில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டதிலிருந்து இங்கேயும் ஆசை கூடிவிட்டது. ஆசையில் தப்பே இல்லை.

"வலிச்சாத்தான் கை பழகும்" என்கிறார்களே, அதுதான் தப்பு. கம்பியை அழுத்தி அழுத்தி விரல்நுனி காய்த்துப்போகும், பிறகு அங்கே வலிக்காது. உண்மைதான். ஆனால் காய்ப்பது தோல் மட்டுமே. உள்ளே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் காய்க்காது. ஓய்வில்லாமல் இழுபட்டால் அது புண்படும். அப்புறமும் வாசித்தால் வலி நாள்பட்டதாகிவிடும். மணிக்கட்டு வலியை விரல்நுனி வலியோடு சேர்த்து எண்ணாதீர்கள். அசுர சாதகம் செய்த வித்வான்களின் கதை எனக்கும் தெரியும். கை போய் மேடையை விட்டவர்களின் கதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1952இல் பெல்ஜியத்தின் குயீன் எலிசபெத் இசைப் போட்டியில் வென்ற பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலதுகை விரல்கள் சுருண்டுகொண்டன. பல ஆண்டுகள் இடதுகையால் மட்டும் வாசித்தார்.

பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சொன்னால் வகுப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். தயவுசெய்து திட்டாமல் கேளுங்கள்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். தேர்வு வருகிறதென்று பயிற்சி நேரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்காதீர்கள். "வளர்ந்துவிடுவான்" என்று முக்கால் அளவு வயலினுக்குரிய பிள்ளைக்கு முழு அளவு வாங்கித் தராதீர்கள். வலி மாத்திரை கொடுத்து வாசிக்க வைப்பது வேண்டவே வேண்டாம். விரல் மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது, இரவில் வலியில் விழிப்பு வருகிறது என்றால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாலிகிளினிக் மருத்துவரைப் பாருங்கள். தேவையென்றால் அவரே பரிந்துரைக் கடிதம் தருவார். என்னிடம் வரும்போது வயலினையும் எடுத்து வாருங்கள். பிள்ளை அதைப் பிடிக்கும் விதத்தை நான் பார்க்க வேண்டும்.