பொன் வேலைப்பாட்டுக்கு அடியில் இருக்கும் தோல்

ஓவியர் ஊத்ரியின் ஓவியங்களைச் செப்புத்தகடுகளில் செதுக்கி, 1755 முதல் 1759 வரை பாரிஸில் நான்கு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட கவிஞர் லா ஃபோந்தேனின் நீதிக்கதைப் பதிப்பைப் போன்ற பழைய பிரெஞ்சு நூல்களைச் சேகரிப்பவர்கள், முதலில் படங்களையும் அட்டையில் பதித்த தங்க ரேக்கையும்தான் பார்க்கிறார்கள். நூலின் ஆயுளை அறிய விரும்புபவர் முதுகுத்தோலைப் பார்க்க வேண்டும்.

தோலின் வலிமை கொலாஜன் என்னும் புரதத்தில் உள்ளது. மூன்று சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்ட அந்தப் புரதத்தோடு, மரப்பட்டை, இலை, காய் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருளான டானின் பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. டானின்களில் இரு வகைகள் உண்டு. சுமாக் என்னும் செடியின் இலையில் மிகுந்திருப்பது நீரால் பகுபடும் வகை; ஆவாரம் பட்டையில் இருப்பது செறிவடைந்த வகை. நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கிலும் வெளிப்படும் கந்தக டை ஆக்சைடைச் செறிவடைந்த வகை எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறிச் சங்கிலிகளை அறுக்க, தோல் சிவந்த பொடியாக உதிர்கிறது. அடுக்கில் மற்ற நூல்கள் மறைக்காத முதுகுப்பகுதியே முதலில் கெடுகிறது.

லண்டன் அத்தீனியம் மன்ற நூலகத்தில் தோல் கெட்டதற்கு எரிவாயு விளக்கின் கந்தகமே காரணம் என்று 1843இல் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே கருதினார். 1901இல் பிரிட்டனில் நூற்கட்டுத் தோலை ஆராய்ந்த குழுவோ, இந்தியாவில் பதனிட்டு ஏற்றுமதியான ஆட்டுத்தோல் நூற்கட்டுக்குச் சற்றும் ஏற்றதல்ல என்றது. சென்னை மாகாணத்தின் ஆவாரம் பட்டைத் தோல் வணிகத்துக்கு அது கசப்பான தீர்ப்புதான்.

சுமாக்கில் பதனிட்ட, மொரோக்கோ எனப்படும் சிவப்பு ஆட்டுத்தோல், பட்டையில் பதனிட்ட கன்றுத்தோலைவிடப் பெரும்பாலும் நன்றாக நிலைத்திருப்பதற்கு டானின் வகையில் உள்ள இந்த வேறுபாடே முக்கியக் காரணம். கந்தல் துணியில் செய்த உள்தாளில், மரக்கூழ்த் தாளைக் கெடுக்கும் லிக்னின் என்னும் மரப்பொருள் இல்லாததால் பக்கங்கள் திடமாகவே இருக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பாரிஸ் சேகரிப்பாளர்கள் பழைய கன்றுத்தோலைக் களைந்து புதிய கட்டுப் போடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஆகவே நூலின் ஆண்டை வைத்துக் கட்டின் ஆண்டைக் கணிக்கக்கூடாது.

உதிரும் தோலுக்கு எண்ணெய் பூசுவது பயனற்றது, அமிலத்தை அது நீக்காது. தண்ணீர் பட்டால் அத்தோல் கறுத்துவிடும். ஆல்கஹாலில் கரைத்த ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்னும் பசை, உதிரும் பொடியைப் பிணைக்குமே தவிர, அறுந்த சங்கிலிகளை ஒட்டவைக்காது.